பஸ் ஸ்டாண்டுத் திரையில் ஓடும் எங்கள் வீட்டுப் பை

அனுப்புநர்:
பிரதீபா,
க/பெ சந்துரு,
மேட்டுக்களம்,
ஊஞ்சாம்பதி அஞ்சல்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
திருமதி தமிழ்ப்ரியா அவர்கள்,
தலைவர்,
ஊஞ்சாம்பதி கிராமப் பஞ்சாயத்து.

பொருள்: ‘நம்ம பஞ்சாயத்து, இந்த மாசம்’ என்னும் முன்னேற்றக் காணொளியின் மார்ச் மாதப் பதிவில், வாய்க்காலோரம் போடப்பட்ட கழிவுப் பையைப் பிரித்துக் காட்டும் பகுதியை நீக்கவும், அவ்வகைக் கழிவைப் பெற்றுக்கொள்ள வழி செய்யவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

1. மேற்படி காணொளியில் ஸ்கூட்டரில் வந்து கறுப்புப் பையை வீசிவிட்டுப் போகும் பெண் நான்தான். முகத்தை மறைத்துத்தான் வெளியிட்டிருக்கிறீர்கள். ஆனால் வண்டியையும் முதுகையும் பார்த்தே ஊரில் எல்லோரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். நான் செய்தது குற்றம். காணொளிக்குப் பிறகு நோட்டீஸ் வந்த மறுநாளே அபராதத்தைக் கட்டிவிட்டேன். அதைக் குறைக்கவோ திரும்பத் தரவோ இந்த மனுவில் நான் கேட்கவில்லை. மீதியைத் தாங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. பஞ்சாயத்தின் மேல் மதிப்பில்லாத பெண் என்று என்னைத் தாங்கள் நினைக்கக்கூடும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கள் அந்தக் காணொளியைப் போடத் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் அதைத் தவறவிட்டதில்லை. அங்கன்வாடிக்குக் கூரை மாற்றியது, களத்து ரோட்டுக்குத் தார் போட்டது, நம் பெண்கள் கபடியில் ஜெயித்து வந்தது எல்லாம் தங்கள் வாயால் கேட்டுத்தான் எங்களுக்குத் தெரியும். வாய்க்கால் மேட்டில் நடந்துகொண்டே, மூச்சு வாங்க வாங்க, நம் பேச்சிலேயே தாங்கள் சொல்வது என் மாமனாருக்கு மிகவும் பிடிக்கும். “ஆபீஸ் பாசையில பேசாம நம்ம புள்ளையாட்டப் பேசுது” என்பார். கிளை வாய்க்காலுக்குக் கரை கட்டும் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள மாதம் முழுக்கக் காத்திருப்பார்.

3. என் மாமனார் காளிச்சாமியைத் தாங்கள் அறிவீர்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷங்களில் பாசனக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அதிகாரிகளிடம் நடையாய் நடந்தவர். முறைத் தண்ணீர்த் தகராறு வந்தால் இரண்டு தரப்பும் அவர் சொல்லைக் கேட்கும். அவருக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்து இரண்டு வருஷமாகிறது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன்பின் சிறுநீர் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. புத்தி தெளிவாக இருக்கிறது. நன்றாக நடக்கிறார். அதனாலேயே இது அவருக்குக் கூடுதலாக வலிக்கிறது. பெரியவர்களுக்கான டயபர் போட்டுக்கொண்டுதான் நாளைக் கழிக்கிறார்.

இதை அவருடைய மகள்களுக்குக்கூட நாங்கள் சொன்னதில்லை. டீக்கடைப் பக்கம் ஏன் காணோம் என்று கேட்பவர்களிடம் மூட்டு வலி என்பார். மாரியம்மன் நோம்பிக்கும் போவதை நிறுத்திவிட்டார். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவரே மாற்றிக்கொள்வார். கழற்றியதைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டிக் கதவோரம் வைப்பார். நான் எடுத்துக்கொண்டு போவேன். அந்தப் பையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது.

4. அந்தப் பையை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்பதுதான் என் பாடாக இருந்தது. ஹரித கர்ம சேனையிலிருந்து எங்கள் பகுதிக்குப் பிளாஸ்டிக் சேகரிக்க வரும் காளியாத்தாளிடம் தொடக்கத்திலேயே கேட்டேன். “கழுவிக் காயவெச்ச பிளாஸ்டிக்குத்தானுங்க்கா எடுக்கச் சொல்லியிருக்காங்க. இதெக் கொண்டு போனா அங்க எறக்கவே உட மாட்டாங்க” என்றார். அவர் மேல் பிழையில்லை.

தென்னைக்கு அடியில் புதைத்துப் பார்த்தேன். நாய்கள் தோண்டி இழுத்துப் போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் போட்டுவிட்டன. நான் ஓடிப்போய் அதைப் பொறுக்கியதை மாமனார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எரித்துப் பார்த்தேன். ஈரம் எரியவில்லை, புகைதான் வந்தது. பக்கத்து வீட்டில் என்ன நாற்றம் என்று கேட்டார்கள். பழைய மெத்தை என்று பொய் சொன்னேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வீசிவிட்டு வந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்றார் என் கணவர். லாரி ஓட்டுகிறவர், ரோட்டோரங்களில் நிறையப் பார்த்திருக்கிறார். நான் பிறந்தது அந்தப் பக்கம். என் அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இங்கே நம் வாய்க்காலோரம் போட மனம் வந்திருக்கிறது. இதற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.

5. நான் பால் சொசைட்டியில் பால் அளந்து ஊற்றும் வேலையில் இருக்கிறேன். விடிகாலையில் அங்கே போகும்போது பையை வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டு போய், மதகுக்கு அப்பால் உள்ள புதரில் வீசிவிடுவேன். புதருக்குள் போய்விட்டால் அது இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வேன். அங்கே கேமரா வைத்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு புதரைத் தேடியிருப்பேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

6. மார்ச் மாதக் காணொளி வந்த ஞாயிற்றுக்கிழமை என் மாமனார் வழக்கம்போல என் போனை வாங்கி, சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் வைத்த புதிய பெரிய திரையைத் தாங்கள் காட்டியபோது, “பரவால்ல, டவுனாட்ட ஆயிருச்சு” என்றார். அதற்கடுத்து, “நம்ம புதுக் கேமராவுல சிக்குன மொத ஆளு” என்று தாங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். என் வண்டி வந்தது. நான் வீசினேன். பிறகு காளியாத்தாள் தார்ப்பாய் விரித்து, தாங்கள் சொல்லச் சொல்ல, பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். “பாருங்க, எதக் கொண்டாந்து எங்க போட்டிருக்காங்கன்னு. பெரியவங்க போடறதுங்க இது. பயிருக்குத் தண்ணி போற வாய்க்காலுங்க” என்றீர்கள். கேமரா பிடித்தவரோ பக்கத்தில் நின்றவரோ யாரோ சிரித்தார்கள்.

என் மாமனாருக்குப் போனை நிறுத்தத் தெரியாது. அதைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்த பிறகும் தங்கள் குரல் வந்துகொண்டிருந்தது. என் பக்கம் திரும்பாமல் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்ததாகத் தாங்கள் பேசியது கிளை வாய்க்கால் கரை வேலையைப் பற்றி. எங்கள் மதகு வரை வந்துவிட்டது என்றீர்கள். அதைக் கேட்க அவர் அங்கே இல்லை.

எங்கள் வீட்டில் வயதானவர் அவர் ஒருவர்தான். வண்டி யாருடையது என்று தெரிந்துகொண்ட ஊருக்கு, பையில் இருந்தது யாருடையது என்று தெரிய நேரமாகவில்லை.

7. அன்றிலிருந்து அந்தக் காணொளி பஸ் ஸ்டாண்டுத் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து வருகிறது. பொள்ளாச்சி பஸ்ஸுக்கும் சித்தூர் பஸ்ஸுக்கும் நிற்பவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாங்கள் பேசுவதைப்போலவே ‘பெரியவங்க போடறதுங்க’ என்று சொல்லிச் சிரிப்பதை நானே கேட்டேன். பஸ் வருவதற்கு முன்பே அங்கிருந்து நடக்கத் தொடங்கிவிட்டேன்.

பால் சொசைட்டியில் என்னிடம் யாரும் சண்டை போடவில்லை. கேனைக் கொண்டுவந்த ஓர் அம்மா மட்டும், “கையக் கழுவீட்டு அளங்க கண்ணு” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் அப்போதுதான் கழுவியிருந்தேன். ஆனாலும் போய் மறுபடியும் கழுவிவிட்டு வந்தேன். இப்போது கேன் வரிசை என் பக்கம் குறைந்து அடுத்த ஆளின் பக்கம் நீளமாக நிற்கிறது. செயலாளர் என்னைக் கணக்கு எழுதும் மேசைக்கு மாற்றியிருக்கிறார். எனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் அதைச் செய்தார்.

8. அந்த வாரமே தங்களைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்தேன். தாங்கள் எழுந்து நின்று நாற்காலி காட்டினீர்கள், டீ சொன்னீர்கள். “உங்க மூஞ்சியத்தான் மறச்சுட்டமேங்க்கா. உங்களக் கேவலப்படுத்தோணும்னு போடல. இதப் பாத்துட்டு நாலு பேரு போடாம இருந்தா ஊருக்குத்தானுங்க நல்லது. இதுவரைக்கும் எந்த வீடியோவையும் இத்தன பேரு பாத்ததில்ல” என்றீர்கள். அறையில் உறுப்பினர்கள் இருவரும் காண்ட்ராக்டர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் என் மாமனாரின் உடம்பைப் பற்றி எப்படிச் சொல்வது? டீயைக் குடித்துவிட்டு, தப்புத்தானுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

9. காணொளி வந்த நாளிலிருந்து என் மாமனார் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். எனக்கு அது உடனே தெரியவில்லை. வைக்கும் சொம்பு காலியாகத்தான் திரும்பி வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஊற்றியிருக்கிறார். மோர் வேண்டாம், டீ வேண்டாம், ரசம் வேண்டாம் என்றார். கதவோரம் வைக்கும் பை சிறியதாகிக்கொண்டே வந்தது. வாய் விட்டுச் சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன்: பை சிறியதானதைக் கண்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

நம் ஊர் மார்ச் மாத வெயில் தங்களுக்குத் தெரியும். ஒருநாள் மதியம் குளியலறையில் விழுந்து கிடந்தார். உதடு வெடித்து, நாக்கு ஒட்டிக்கொண்டு, என்னைக் கண்டு யார் என்று கேட்டார். தாலுகா மருத்துவமனையில் சிறுநீரில் கிருமி ஏறி, சிறுநீரகம் வரை பாதித்திருப்பதாகச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். குளுக்கோஸ் ஏறித் தெளிந்த பிறகு, ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று டாக்டரம்மா கேட்டார். “குடிச்சாத்தானுங்கம்மா எல்லாம்” என்றார் என் மாமனார். டாக்டரம்மா மலையாளி. அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். என் முன்னால் உட்கார்ந்து டம்ளர் டம்ளராகக் குடித்துக் காட்டுகிறார், பள்ளிக்கூடப் பிள்ளை மருந்து குடிப்பதைப்போல. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

10. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு காளியாத்தாள் வீட்டுக்கு வந்தார். சேனையின் பச்சைக் கோட்டுப் போடாமல் வந்திருந்தார். வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிட்டதற்கும் வரவில்லை. “உங்க வண்டின்னு எனக்குத் தெரியாதுங்க்கா. தெரிஞ்சிருந்தா, வவுத்து வலின்னு சொல்லீட்டு ஊட்டுலயே இருந்திருப்பேன். பிரிக்கச் சொன்னாங்க, பிரிச்சேன். என்ற புள்ள பள்ளிக்கூடம் போக மாட்டீங்குது. உங்கம்மா அதெயெல்லாம் கைல எடுக்கறாங்கன்னு சொல்றாங்களாமா” என்று அழுதார்.

தலைவர் அம்மா, அவர் அழுத பிறகுதான் எனக்குத் தோன்றியது. புதரில் வீசியபோது அது இல்லாமல் போய்விட்டது என்று நினைத்தேன் அல்லவா? அது போகவில்லை. காளியாத்தாளின் கைக்குப் போயிருக்கிறது. கேமரா இல்லாவிட்டாலும் என்றாவது ஒருநாள் வாய்க்கால் தூர்வாரும்போது அவரோ அவரைப்போன்ற இன்னொருவரோதான் எடுத்திருப்பார்கள். ஊர் என்னைப் பார்த்துச் சிரித்ததை விட இதுதான் என்னை அதிகமாகக் குனிய வைத்தது.

காளியாத்தாள் அழுதுகொண்டிருக்கும்போதே மாமனார் உள்ளிருந்து வந்தார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு வேறு மனுஷர் முன்னால் அவர் வந்தது அதுதான் முதல்முறை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, “நீ எதுக்கம்மா அழுவற? அது என்னுது. உன்னயத் தொட வெச்சதுக்கு நாந்தான் வெக்கப்படோணும்” என்றார். சொல்லிவிட்டுக் கைகூப்பினார். அத்தனை பஞ்சாயத்துப் பேசிய மனுஷர் கைகூப்பி நின்றதைப் பார்த்து, காளியாத்தாள் “அய்யோ, கும்பிடாதீங்க மாமா” என்று திண்டாடிப் போனார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் டீ குடித்தோம். மாமனாரும் குடித்தார்.

11. இதற்கு நடுவே இன்னொன்றும் நடந்தது. எங்கள் வார்டிலிருந்தும் பக்கத்து வார்டிலிருந்தும் சில பெண்கள் தனித்தனியாக வந்து என்னைப் பார்த்தார்கள். ஒருவர் கீரை கேட்க வந்ததுபோல வந்தார். ஒருவர் சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். எல்லோரும் கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டது ஒன்றையேதான்: அபராதம் கட்டிய பிறகு இப்போது எங்கே போடுகிறாய்? படுக்கையில் கிடக்கும் மாமியார், பக்கவாதம் வந்த கணவர், எழுந்து நடக்க முடியாத மகள் என்று ஆளுக்கொருவர் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். பெயர்களை எழுத எனக்கு உரிமை இல்லை. நானும் இப்போது எங்கும் போடுவதில்லை. கொல்லைப்புறத்தில் மூடி போட்ட டிரம்மில் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதுவும் நிறைந்துவிட்டது.

12. மேற்கண்ட நிலையில் தங்களிடம் கேட்டுக்கொள்வது:

மாத இறுதியில் நடக்கவிருக்கும் ‘கழிவில்லாப் பஞ்சாயத்து’ அறிவிப்பு விழாவில் இதே காணொளியை மேடையில் காட்டப்போவதாக நோட்டீஸில் போட்டிருக்கிறது. அதற்குள் அந்தப் பகுதியைப் பஞ்சாயத்தின் இணையப் பக்கத்திலிருந்தும் பஸ் ஸ்டாண்டுத் திரையிலிருந்தும் நீக்க வேண்டுகிறேன். வாய்க்காலோரம் குப்பை போட்டால் அபராதம் என்பதைத் தாங்கள் தாராளமாகச் சொல்லலாம். என் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் பெயரையும் முகத்தையும் போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. பைக்குள் இருந்ததைக் காட்ட வேண்டாம். அது ஒருவருடைய உடம்பு.

காளியாத்தாளும் அதில் தெரிகிறார். அவரிடம் கேட்டுவிட்டுப் படம் பிடிக்கவில்லை. அவர் என்னிடம் பேசியதற்காக அவருக்கு வேலையில் எந்தச் சங்கடமும் வராமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கழிவை வீடுகளிலிருந்து பெற்றுக்கொள்ள ஒரு வழி செய்ய வேண்டும். இதை எரிப்பதற்கென்றே தனி உலை சில ஊர்களில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அது நமக்கு எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வரும்வரை வாரம் ஒருமுறையாவது மூடிய வண்டி ஒன்று வந்தால் போதும். எடுப்பவர்களுக்கு நல்ல கையுறை தர வேண்டும். அதற்கான கட்டணத்தைத் தரத் தயாராக இருக்கிறோம். வண்டியின் மேல் எதுவும் எழுதாமல் இருந்தால், என்னிடம் வந்து கேட்ட பெண்களும் தைரியமாகக் கொண்டுவந்து தருவார்கள்.

13. இந்த மனுவை என் மாமனாரிடம் சொல்லாமல் கொடுத்துவிட நினைத்திருந்தேன். அவருடைய உடம்பைப் பற்றி அவரைக் கேட்காமல் ஊர் பேசியதைக் குற்றம் சொல்லிவிட்டு, நானும் அதையே செய்வது சரியில்லை என்று பட்டது. நேற்று சாயங்காலம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டார். தங்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாக ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த இடத்தில் மட்டும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். “அந்தப் புள்ளயக் கொற சொல்லாத. அதுக்கு எப்புடித் தெரியும்? நாம ஆருகிட்டச் சொன்னோம்?” என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பேனாவைக் கேட்டார்.

தாங்கள் இளம் வயதில் இந்தப் பொறுப்புக்கு வந்து இந்த ஊருக்குச் செய்திருப்பவை எங்கள் கண்முன்னால் இருக்கின்றன. இதையும் செய்வீர்கள் என்று நம்பி, நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: மேட்டுக்களம்
நாள்: 24.03.2025

இங்ஙனம்,
பிரதீபா

(பெரிய, நடுங்கிய எழுத்தில்)
இதில் எழுதியிருப்பது உண்மை. என்னைக் கேட்டுத்தான் எழுதியது. அந்தப் பை என்னுடையது.
காளிச்சாமி